ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி

ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. டோக்கன் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலையில் போகிற படகு ஞாயிறு விடிகிற நேரத்தில் கரைக்கு வரும். இறால், நண்டு, கணவாய் என்று தரம் பிரித்து, கம்பெனிக்காரர் எடை போட்டு, டீசல் கடன், ஐஸ் காசு எல்லாம் கழித்து, ஆட்களுக்குப் பங்கைப் பிரித்துக் கையில் கொடுக்கும்போது மணி ஒன்பது, பத்து ஆகிவிடும். ஏறக்குறைய அதே நேரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டாம் பூசைக்கு மணி அடிக்கும். பகல் பன்னிரண்டுக்கு டாஸ்மாக் கடை திறக்கும்.

எங்கள் கரையில் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த மூன்று நேரங்களில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் கத்தோலிக்க ஆட்கள் இப்போதெல்லாம் வேறு எங்கிருந்தோ தொடங்குகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் ஒரு ஊர். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கும்போது ஒரு அமர்வு நான் எடுப்பேன். "அம்மா பழைய காலத்து ஆள்" என்று என் மகன் கூட்டாளிகளிடம் சொல்வான், நான் மறுத்ததில்லை. கல்யாணம் என்றால் சாகிற வரைக்கும். வயிற்றில் வந்த பிள்ளை பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு. சட்டம் போடுகிறவனுக்கும் கடவுள் பயம் வேண்டும். இவற்றில் எதையும் நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை. பக்தியை வீட்டோடு வைத்துக்கொள், அரசாங்கக் காரியத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப் போகாது.

ஏன் என்றால், இந்தக் கரையில் கோயில் எப்போதும் பொதுக்காரியத்தில்தான் இருந்திருக்கிறது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் நடுக்கடலில் சுட்டுக் கொல்லப்பட்டான். உடலை வாங்க மாட்டோம் என்று ஊர் உட்கார்ந்தது கோயில் வளாகத்தில். அமைச்சர் வந்தார், எல்லாக் கட்சிக்காரரும் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். சாமியார் அரசியல் பேசலாமா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எப்போது வருகிறது என்றால், சாமியார் சாராயக் கடையைப் பற்றிப் பேசும்போது.

சரி, எங்கள் ஆட்களிடம் வருகிறேன். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு, அன்பியம் என்போம், ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கொஞ்ச காலமாக அதில் குடும்பத்தைக் காப்போம், விசுவாசத்தைக் காப்போம் என்று வருகிற செய்திகளில் முக்கால்வாசி அமெரிக்கச் சரக்கு. அங்கே பள்ளிக்கூட நூலகத்தில் எந்தப் புத்தகத்தை வைக்கலாம், எந்தக் கழிப்பறைக்குள் யார் போகலாம், எந்த நீதிபதி நம் பக்கம் என்று தினம் ஒன்று வரும். 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு உரிமையைத் தந்த 1973-ஆம் வருஷத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. எங்கள் குழுவில் பட்டாசுப் படமாக வந்து விழுந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் நம் நாட்டுச் சட்டத்தைத் திருத்தி, சில வகைப் பெண்களுக்குக் கருக்கலைப்பு வரம்பை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்த்தியிருந்தார்கள். அதைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வரி பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம், ஒருபால் திருமணத்தை நாங்கள் அங்கீகரிக்க முடியாது, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று சொன்னது. மறுபடியும் கொண்டாட்டம். திருச்சபை படிப்பிக்கிற கல்யாணம் எதுவோ அதுதான் எனக்கும் கல்யாணம், அதில் குழப்பம் இல்லை. ஆனால் எங்கள் பங்கில் உடைந்துபோன வீடுகளை எனக்கு வாசல் வாசலாகத் தெரியும். குடியால் உடைந்தது உண்டு, நகைப் பாக்கியால் உடைந்தது உண்டு, வட்டிக் கடனால் உடைந்தது உண்டு, புருஷன் இலங்கைச் சிறையில் கிடந்த மாதங்களில் உடைந்தது உண்டு. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் உடைந்திருக்கும் என்று சொல்ல எங்கள் தெருவில் ஒரு வீடு இல்லை. எதிரி அமெரிக்காவில் இருந்தால் வசதி. நாம் எதையும் செய்ய வேண்டியதில்லை, ஃபார்வர்ட் செய்தால் போதும்.

விசுவாசம், குடும்பம், அரசாங்கம் மூன்றும் மோதிக்கொண்ட கதை வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஓரியூர் இருக்கிறது. ராமநாதபுரம் போய்த் தொண்டிச் சாலையில் ஏறினால் அரை நாளில் போய்விட்டு வந்துவிடலாம். அங்கே மண் சிவப்பு. அருளானந்தர் சிந்திய ரத்தம் என்று சின்னத் துணியில் முடிந்துகொண்டு வருவோம். என் பீரோவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

கதை எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அருளானந்தர் என்று நாங்கள் சொல்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார் 1647-இல் லிஸ்பனில் பெரிய வீட்டில் பிறந்தவர். 1673-இல் இந்தியாவுக்கு வந்தார். காவி உடுத்தி, மாமிசம் விட்டு, பண்டாரச் சாமியாராக மறவர் சீமையில் நடந்தார். 1686-இல் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தச் சீமையில் வேதம் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் திரும்பவும் இங்கேயே வந்தார். அப்போதுதான் தடியத் தேவர் என்கிற மறவர் தலைவர், நோய் தீர்ந்து எழுந்து ஞானஸ்நானம் கேட்டார். தேவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும், அப்புறம்தான் ஞானஸ்நானம் என்றார் சாமியார். தேவர் ஒத்துக்கொண்டார். 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் அன்று தண்ணீர் ஊற்றினார்கள். விடப்பட்ட மனைவியரில் ஒருத்தி, அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவள் நேரே ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். ஒரு மாதம் முடியவில்லை, பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் சாமியாரின் தலை வெட்டப்பட்டது. 1947 ஜூனில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

தடியத் தேவருக்கு ராமநாதபுரம் பட்டத்தில் உரிமை உண்டு என்ற பேச்சும் இருந்ததால், கிழவன் சேதுபதிக்கு அரசியல் பயமும் இருந்திருக்கிறது. ஒரு பெண்ணின் கோபத்தால் மட்டும் நடந்த கொலை இல்லை அது. ஆனால் பிரசங்கத்தில் அரசியலை விட்டுவிடுவார்கள். அந்தப் பெண் மட்டும் நிற்பாள், வேதாகமத்தில் ஸ்நாபக அருளப்பர் தலையைக் கேட்ட ஏரோதியாள் மாதிரி.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவள்மேல்தான் கண். அவள் என்ன தப்பு செய்தாள்? அன்றைக்கு இருந்த வழக்கப்படி கட்டிக்கொடுத்தார்கள், வாழப் போனாள். ஒரு நாள் காலையில், நீ இனி மனைவி இல்லை என்றார்கள். விட்டுவிட்ட பெண்களைக் கூடப் பிறந்தவர்கள் மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று தேவர் சொன்னதாகச் சொல்வார்கள். சோற்றுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. ஆனால் அரண்மனைப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் புருஷன் பக்கத்தில் இருக்கிற இடம் போனால் அப்புறம் என்ன மிச்சம்?

அருளானந்தர் போட்ட விதி சரியான விதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பலதார வழக்கம் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அதே கிழவன் சேதுபதியே சாட்சி. 1710-இல் அவர் இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சிதையில் ஏறியதாகச் சேசு சபைச் சாமியார்கள் எழுதிய கடிதங்கள் சொல்கின்றன. ஒருவனுக்கு ஒருத்தி என்பது இந்தச் சீமைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அதைப் படித்தால் புரியும். ஆனாலும் அந்த விதிக்கு ஒரு விலை இருந்தது. அதில் ஒரு பங்கைச் சாமியார் தன் தலையைக் கொடுத்துக் கட்டினார். மறுபங்கைக் கட்டியது அந்தப் பெண்கள். சாமியாருக்குக் கோபுரம் வைத்த கோயில் இருக்கிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

குடும்பத்துக்கு விதி போடுகிறவன் சாமியாராக இருக்கட்டும், சேதுபதியாக இருக்கட்டும், சட்டசபையாக இருக்கட்டும், அந்த விதிக்கு ஆகிற செலவை யார் கட்டுவது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். என் அரசியல் இவ்வளவுதான். இதை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

எங்கள் கல்யாண விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்போம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்போம், பீடத்தின் முன்னால் கையைப் பிடித்துக் கொடுப்போம். அப்புறம் பிரிவு கிடையாது. நானும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை, கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற ஒரு பெண், தன் தங்கைக்குத் துணையாக வகுப்புக்கு வந்தவள், முடிந்ததும் தனியாக வந்து கேட்டாள்: "டீச்சர், பிரியக்கூடாதுன்னு சொல்றீங்க, சரி. ராத்திரி அவரு குடிச்சிட்டு வந்து அரிவாமனையத் தூக்குறப்ப யாரு டீச்சர் வருவா?"

அவளிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. திருச்சபைச் சட்டத்தில் 1153 என்று ஒரு எண் இருக்கிறது. புருஷனோ மனைவியோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ கடுமையான ஆபத்தாக இருந்தால், பிரிந்து போய் வாழ உரிமை உண்டு. ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி பெற வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் அனுமதிக்குக் காத்திருக்காமலே வெளியேறலாம். கல்யாணக் கட்டு அவிழாது, வேறு கல்யாணம் கட்ட முடியாது, ஆனால் அடி வாங்கிக்கொண்டு அதே கூரைக்குள் கிடக்க வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. இதை ஏன் பிரசங்கத்தில் சொல்வதில்லை என்று ஒரு சாமியாரைக் கேட்டேன். "சொன்னா எல்லாரும் கிளம்பிருவாங்க டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே. எல்லாரும் கிளம்புகிற நிலைமை இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நாட்டுச் சட்டமும் எங்கள் பெண்களுக்கு ரொம்ப நாள் ஓரவஞ்சனைதான் செய்தது. கிறிஸ்தவர்களின் மணமுறிவுச் சட்டம் 1869-இல் வெள்ளைக்காரன் போட்டது. மனைவி வேறு ஒருவனோடு போனாள் என்று நிரூபித்தாலே புருஷனுக்கு மணமுறிவு கிடைக்கும். அதே காரியத்தைப் புருஷன் செய்தால் போதாது, அதோடு கொடுமையோ, கைவிட்டதோ, இன்னொன்றையும் சேர்த்து மனைவி நிரூபிக்க வேண்டும். வழக்கு நடக்கிற வரைக்கும் கொடுக்கிற ஜீவனாம்சம் புருஷன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வேறு. 2001-இல்தான் இதையெல்லாம் திருத்தினார்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிகிற வழியும் அதோடு வந்தது. குடும்பத்தை உடைக்கிற சட்டம் என்று அப்போது எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நூற்று முப்பது வருஷம் குடும்பத்தின் பாரத்தை ஒரு தோளில் மட்டும் ஏற்றி வைத்திருந்தபோது இவர்கள் முணுமுணுக்கவில்லை.

நகை விஷயம் அதைவிட மோசம். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் வந்தது 1961-இல். எங்கள் கரையில் அந்தச் சட்டம் வந்து சேரவே இல்லை. வகுப்பில் பையன்களிடம் கேட்பேன், எவ்வளவு பவுன் பேசியிருக்கிறீர்கள் என்று. தலையைக் குனிந்துகொள்வார்கள். உள்ளங்கையைப் பார்த்தால் வலைக்கயிறு அறுத்த தழும்பு வரி வரியாக இருக்கும். உழைக்கத் தெரியாதவர்கள் இல்லை, அம்மாவிடம் வாய் திறக்கத் தெரியாதவர்கள். பெண் வீட்டில் படகின் பேரில் கடன் வாங்கிப் பவுன் போடுவார்கள். அந்தக் கடனுக்காக அப்பன் எல்லை தாண்டி மீன் தேடிப் போவான், பிடிபடுவான். மூன்றாவதும் பெண் என்று தெரிந்தால் வயிற்றிலேயே முடித்துவிடலாமா என்று ஒரு வீட்டில் யோசிக்கிறார்கள் என்றால், அவர்களிடம் உயிரின் புனிதத்தைப் பற்றி நான் பேசலாம், பேசுகிறேன். அந்தப் பயத்தை உண்டாக்கிய மாமியார் முதல் பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் யார் பேசுவது?

பவுன் பேசிய கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டோம் என்று பங்கு அறிவிக்கட்டும் என்று நான் பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொன்னேன். "அப்படின்னா வருஷத்துக்கு ஒரு கல்யாணம்கூட நம்ம கோயில்ல நடக்காது" என்றார் ஒருவர். நடக்க வேண்டாம், அந்த வருஷம் எல்லாரும் கொஞ்சம் யோசிப்பார்கள் என்றேன். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள், திருநாள் சப்பரத்துக்கு லைட் செட்.

இந்த விஷயத்தில் மற்றவர்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிற பழைய வழக்கம் உண்டு. பெண் தாய்வீட்டிலேயே இருப்பதால் அவளைத் தெருவில் நிறுத்துவது சுலபமில்லை, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் நாலு பெண் பெற்றவன் நாலு வீடு கட்ட வேண்டும், அதற்காகத் துபாயில் ஆயுசைத் தொலைக்க வேண்டும். அங்கேயும் விதி ஒன்று, செலவு வேறொருவர் தலையில்.

அரசாங்கமும் ஒரு காலத்தில் தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2011-இல் 4 கிராம், 2016-இல் 8 கிராம். 2022-இல் அந்தத் திட்டத்தையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணத்தை அரசு கைகழுவுகிறது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் ஒரு படிப்பு இருக்கிற பெண்ணிடம் பவுன் கணக்கு பேசுகிறவன் கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவான்.

பிள்ளை பெறுகிற விஷயத்தில் அரசாங்கம் அடித்த பல்டியைச் சொல்லாமல் விட முடியாது. நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவர் சுவராக எழுதிய காலத்தில் எங்கள் அம்மாக்கள் நாலாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனால் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. ஆபரேஷன் எல்லாம் பெண்ணுக்குத்தான். இன்றைக்கும் அரசுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் மனைவிமார் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இப்போது ஜனத்தொகை குறைந்தால் எம்.பி. தொகுதி குறைந்துவிடும் என்று பயம் வந்ததும், சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025-இல் கல்யாண மேடையில் முதலமைச்சரே சொன்னார். அதிகப் பிள்ளைகள் வேண்டும் என்பது என் ஆசையும்தான். எங்கள் வீட்டில் ஆறு பேர் பிறந்தோம். ஆனால் டெல்லியில் சீட்டு எண்ணிக்கைக்காக எங்கள் பெண்கள் பிள்ளை பெற வேண்டும் என்றால், கடற்பாசி எடுக்கக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற பெண்ணுக்குப் பிரசவ கால வருமானம் என்ன என்று முதலில் சொல்லட்டும். கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவளுக்கு எந்த முதலாளி?

இனி சாராயம். இதுதான் மெயின் விஷயம்.

மதுவிலக்கு என்பது ஏதோ சாமியார்களும் காந்திக் குல்லாக்காரர்களும் பிடித்துக்கொண்டு தொங்குகிற பழங்கதை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அரசியல் சட்டம் 47-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது, 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கருணாநிதி ஆட்சியில் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி பூட்டினார்கள், 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக். 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. எந்தக் கட்சிக்கும் இதில் கை சுத்தமில்லை. எந்தக் கட்சிக்காரனும் என்னிடம் வந்து இதில் நியாயம் பேச முடியாது.

இப்போது டாஸ்மாக்கால் கஜானாவுக்கு வருகிற வருமானம் வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. எங்கள் தெருப் பெண்களுக்கு அது பெரிய காசு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பெண்டாட்டி கணக்கில் போடுவது வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேல். புருஷன்மார் சட்டைப்பையிலிருந்து எடுப்பது அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

விதி இருக்கிறது, கிராமத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 100 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது என்று. எங்கள் ஊர்க் கடையை நாங்களே அளந்தோம். அதிகாரி வந்து அளப்பார் என்று பார்த்து அலுத்துப்போய், வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டு, மாதா சொரூபம் வைத்த கெபியிலிருந்து கடை வாசல் வரைக்கும் மரியாயின் சேனை என்கிற எங்கள் பக்திச் சங்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டு போனோம். க்யூவில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதில் இரண்டு பேர் கயிறு பிடித்தவர்களின் வீட்டுக்காரர்கள். 100 மீட்டரைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தது. சட்டப்படி சுத்தமான கடை. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்த மனுவுக்கு அதையே பதிலாக எழுதி அனுப்பினார்கள்.

அப்புறம்தான் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்தோம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு நாள் கடையை மூடுகிறார்கள்: திருவள்ளுவர் நாள், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. பெரிய வெள்ளிக்கிழமையைச் சேர்க்கக் கேட்கலாம் என்று எங்கள் ஆட்கள் கிளம்பினார்கள். நான் வேண்டாம் என்றேன். நமக்கு ஒரு நாள், அவர்களுக்கு ஒரு நாள் என்று பங்கு கேட்கிற வேலை அது. வருஷத்தில் ஒரு நாள் மூடினால் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்று கேட்போம் என்றேன். ஞாயிறு பூசை நாள் என்பதற்காக இல்லை, படகு ஆட்களுக்கு வாரத்தின் பெரிய சம்பளம் கைக்கு வருகிற நாள் அது என்பதற்காக. அந்தப் பணம் பத்து மணிக்குக் கையில் ஏறி, பன்னிரண்டு மணிக்கு இறங்காமல் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் போதும். திங்கட்கிழமை காலையில் அவன் மறுபடி கடலில் இருப்பான், பணம் அவளிடம் இருக்கும்.

என் விசுவாசம் ஞாயிறு ஓய்வு நாள் என்று சொல்லித் தருகிறது. பக்கத்துத் தெரு ஜமாத்துக்கு ஞாயிறு வெறும் ஞாயிறுதான். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தெருவுக்கும் அப்படித்தான். ஆனால் படகுச் சம்பளம் மூன்று தெருவுக்கும் ஒன்று. ஜமாத்துத் தலைவர் மனுவைப் படித்துவிட்டு, "ஒரு நாள் மட்டும் ஏன் கேக்குறீங்கம்மா, ஏழு நாளும் கேளுங்களேன்" என்றார். ஏழு கேட்டால் ஒன்றும் கிடைக்காது அத்தா என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். மாரியம்மன் கோயில் தெருப் பெண்கள் கேட்கவே இல்லை, வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

கையெழுத்துக்குத் தயங்கியவர்கள் எங்கள் ஆட்களில்தான் அதிகம். குடி தப்பு என்று வேதாகமத்தில் இருக்கிறதா, கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை ரசமாக்கவில்லையா என்று கேட்டார் ஒருவர். ஞானஸ்நான வீடு, புதுநன்மை வீடு, எதுவாக இருந்தாலும் பந்தலுக்குப் பின்னால் பெட்டி இறக்குகிறவர் அவர். கானாவூர் மாப்பிள்ளை அடுத்த நாள் பெண்டாட்டியை அடித்ததாகச் சுவிசேஷத்தில் இல்லை என்று சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கையெழுத்துப் போட்டாள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மனுவுக்கும் ஒரு செலவு உண்டு. ஞாயிறு கடை மூடினால் கள்ளச் சந்தையில் கூடுதல் விலைக்கு விற்பார்கள், முதல் சில மாதம் அதை வாங்கக் கூடுதல் பணம் கேட்டு வீட்டில் அடி விழும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், வருமானம் இல்லாத நாட்களில் குடி குறைவதில்லை, அடகு கூடுகிறது. அதனால் மனுவில் இரண்டாவது பத்தி ஒன்றை நான் சேர்த்தேன். குடியை விட நினைப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது தீவிலேயே மருத்துவர் இருக்க வேண்டும், அடிக்குப் பயந்து வெளியே வருகிற பெண்ணுக்கு ராத்திரி தங்க இடம் வேண்டும்.

மருத்துவர் வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தங்க இடத்தில்தான் நிற்கிறது. அரசாங்கம் கட்டுகிற வரைக்கும் பங்கு மண்டபத்தின் பின் அறையைத் திறந்து கொடுக்கிறோம் என்று மனுவிலேயே எழுதலாம் என்றேன். சாமியாருக்குச் சம்மதம். பேரவையில் பாதிப் பேருக்கு இல்லை. பெண்டாட்டியைக் கோயிலே வைத்துக்கொண்டால் நாளைக்குப் புருஷன்காரன் வந்து கல்லெறிவான், ஊருக்குள் சண்டை வரும் என்கிறார்கள். அருளானந்தருக்கு வந்ததைவிடப் பெரிய சண்டையா என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் என்னை முறைத்தார்.

அடுத்த கிராம சபை ஜனவரி 26. அதற்கு முன்னால் வருகிற ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் பேரவை கூடுகிறது. அந்த வரி இல்லாமல் மனு போவதாக இருந்தால் என் கையெழுத்தை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன். பின் அறைச் சாவி இப்போது கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. உள்ளே போன வருஷத்துச் சப்பர லைட்டெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை எங்கே மாற்றுவது என்பதுதான் இந்த வாரம் எங்களுக்குள் ஓடுகிற பேச்சு.